செங்கல்வராயனின் எட்டு விரல்கள்

செங்கல்வராயனுக்கு முதன்முதலில் விரல் வெளுத்தது ஒரு கேரம் போர்டின் முன்னால். ஒன்பது வருஷத்துக்கு முன்பு, மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை, அண்ணனூர் மன்றத்தில். சிவப்புக் காயைக் குழியில் தள்ளிவிட்டு அடுத்ததைக் குறி பார்த்துக்கொண்டிருந்தவர், ஆள்காட்டி விரலின் நுனி வெள்ளையாக இருப்பதைக் கவனித்தார். போரிக் பவுடர் ஒட்டியிருக்கிறது என்று நினைத்து லுங்கியில் துடைத்தார். போகவில்லை. இன்னொரு தரம் அழுத்தித் துடைத்தார். அதற்குள் பக்கத்து விரலும் வெளுத்துவிட்டது.

"இன்னாபா, காய அடிப்பியா, கைய தொட்ச்சிகினே இருப்பியா?" என்று எதிரே உட்கார்ந்திருந்தவர் கத்தினார்.

செங்கல்வராயன் சுண்டினார். ஸ்ட்ரைக்கரில் விரல் பட்டதே அவருக்குத் தெரியவில்லை. அது நாலு அங்குலம் நகர்ந்து, நின்றுவிட்டது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். எது நடந்தாலும் சேர்ந்து சிரித்துவிடுவது அவருடைய வழக்கம். அந்த வழக்கத்தால் அவருக்கு ஒரு நன்மையும் விளைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அவர் அண்ணனூரின் பழைய ஊர்க்காரர். அப்பா காலத்தில் நிலம் இருந்தது, போனது. அதைப் பற்றிப் பேசினால் அவருக்கே கொட்டாவி வரும். பத்தாம் வகுப்பு முடித்து, இரண்டு மூன்று இடங்களில் அலைந்து, இருபத்தைந்து வயதில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் சேர்ந்தார். தண்ணீர் பம்புக்கான இரும்பு உடல்களை வார்க்கும் கம்பெனி. அச்சிலிருந்து வெளியே வரும்போது அந்த இரும்பின் ஓரமெல்லாம் பிசிறு பிசிறாக இருக்கும். கையில் பிடிக்கும் கிரைண்டரை வைத்து அந்தப் பிசிறைத் தேய்த்து எடுக்க வேண்டும். அதுதான் வேலை. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள், இருபத்து நாலு வருஷம். கிரைண்டர் அதிரும், அதிர்வது கையில் ஏறும், மணிக்கட்டைத் தாண்டும், முழங்கையைத் தாண்டும். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தால், மிஷின் அங்கே கம்பெனியிலும், அதன் நடுக்கம் இங்கே சோற்றுத் தட்டிலும் இருக்கும்.

வெளுப்பது முதலில் வருஷத்துக்கு நாலைந்து தடவை. பிறகு மழைக்காலம் முழுக்க. பிறகு, காலையில் எக்ஸெல் வண்டியில் சி.டி.எச். ரோட்டில் காற்று முகத்தில் அடித்தாலே போதும் என்றாயிற்று. கட்டைவிரல் இரண்டையும் விட்டுவிட்டு மீதி எட்டு விரலும் நடு மூட்டு வரை சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும். தொட்டால் தெரியாது, கிள்ளினால் தெரியாது. அரை மணி கழித்து ரத்தம் திரும்பி வரும்போது மட்டும் எல்லாம் தெரியும். அப்போது விரலை யாராவது வெட்டி எடுத்துக்கொண்டு போனால் தேவலை என்றிருக்கும்.

கம்பெனியில் அவருக்கு மட்டும் இப்படி இல்லை. தேய்ப்புப் பிரிவில் பத்து வருஷத்தைத் தாண்டிய எல்லாருக்கும் ஏதோ ஓர் அளவில் இருந்தது. அதற்கு அவர்கள் வைத்தியமும் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். கம்பெனி வாசலில் உலகநாதன் டீக்கடை. காலை ஆறேமுக்காலுக்கு அங்கே போய் "கை டீ" என்று கேட்டால், உலகநாதன் கொதிக்கக் கொதிக்க, சர்க்கரை கூடப் போடாமல், ஒரு கண்ணாடி கிளாஸ் நிறைய ஊற்றித் தருவார். அது குடிப்பதற்கு இல்லை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு. விரலில் நிறம் திரும்பியதும் டீயைக் கீழே கொட்டிவிட்டு உள்ளே போவார்கள். முதலில் வந்தவன் அடுத்தவனுக்கு வாங்கி வைப்பது, வெளுத்த கையைப் பார்த்தால் கேட்காமலேயே கிளாஸை நீட்டுவது என்பதெல்லாம் அங்கே எழுதாத சட்டம். பூந்தமல்லியிலிருந்து வரும் சாதுல்லா, செங்கல்வராயனைவிடப் பத்து வயது சின்னவர், பக்கத்து மேஜையில் தேய்ப்பவர், இந்தச் சட்டத்தை ஒரு நாளும் மீறியதில்லை.

"இன்னா அண்ணாத்தே, செத்துப்பூட்ச்சா? புட்ச்சிக்கோ."

"இன்னும் சாவல, மயங்கிகினு கீது" என்பார் செங்கல்வராயன், கிளாஸை வாங்கியபடி.

இதில் சிரிப்பு வேறு. மனிதர்கள் தங்கள் கை செத்துப்போவதை வைத்துத் தமாஷ் பண்ணிக்கொண்டு டீ கிளாஸோடு நிற்கும் காட்சியை, பக்கத்திலேயே காரிலிருந்து இறங்கிப் போகிற அதிகாரிகள் தினமும் பார்த்தார்கள். காலை நேரத்தில் தொழிலாளிகள் எவ்வளவு உற்சாகமாக இருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

போன வருஷம் ஐப்பசியில்தான் விஷயம் வீட்டுக்குள் வந்தது. ஒரு நாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் செங்கல்வராயன் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றார். பொத்தான் இருக்கிறது, துளை இருக்கிறது, விரலில் மட்டும் ஒன்றுமில்லை. அவருடைய மனைவி கன்னியம்மாள் அடுப்படியிலிருந்து வந்து ஐந்து பொத்தானையும் போட்டுவிட்டார். அடுத்த நாளும் போட்டுவிட்டார். மூன்றாம் நாள் போட்டுவிட்டுச் சொன்னார்:

"நானு இத்த காலம் பூரா போடுவேன்யா, அதுக்கு இல்ல. நாளைக்கு அந்த மிஷினு கைநயுவி கால்ல உய்ந்தா இன்னா பண்ணுவ? ஒய்ங்கா ஒரு டாக்டராண்ட காட்டு."

திருமுல்லைவாயலில் ஒரு சின்ன கிளினிக். டாக்டர் மஹ்ஜபீனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. செங்கல்வராயன் கையை நீட்டியபோது விரலெல்லாம் நல்ல நிறமாகத்தான் இருந்தது. டாக்டர் என்ன வேலை என்று கேட்டார், எத்தனை வருஷம் என்று கேட்டார், பிறகு ஒரு பாத்திரத்தில் ஃபிரிட்ஜ் தண்ணீர் ஊற்றி அதில் கையை வைக்கச் சொன்னார். மூன்று நிமிஷத்தில் எட்டு விரலும் வெளுத்தன. டாக்டர் அதைப் பார்த்து ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. வெளுக்க ஆரம்பித்த இத்தனை வருஷத்தில், இதை உட்கார்ந்து பார்த்த முதல் ஆள் அவர்தான்.

"உங்க கைல ரத்தக்குழாய்ங்க இருக்கில்ல, அதைச் சுத்தி ரொம்ப மெல்லிசா தசை இருக்கு. அந்தத் தசையை இறுக்குறதுக்கும் விடுறதுக்கும் ஒரு நரம்புக் கூட்டம் இருக்கு. நாம சொல்லி அது வேலை செய்யாது, அதுவாவே செய்யும். குளிர் பட்டா, உள்ள இருக்கிற சூடு வெளிய போயிடக் கூடாதுன்னு தோல்ல இருக்கிற குழாயை இறுக்கும். பயந்தாலும் அதே மாதிரி, கோவம் வந்தாலும் அதே மாதிரி. ஆபத்து வருதுன்னு நெனச்சு ரத்தத்தை உள்ள இழுத்து வெச்சுக்கும். எல்லாருக்கும் இது நடக்கும். ஆபத்து போனதும் விட்டுடும். உங்களுக்கு வருஷக்கணக்கா மிஷின் ஆட்டி ஆட்டி, குழாயோட உள்சுவரும் கெட்டுப் போச்சு, நரம்பும் கெட்டுப் போச்சு. இப்போ சின்னக் குளிருக்கே அது மொத்தமா மூடிடுது. புடிச்ச புடியை விடவும் மாட்டேங்குது."

பள்ளிப் புத்தகத்தில் இதற்குப் பரிவு நரம்பு என்று பெயர் போட்டிருக்கிறார்கள். பெயர் வைத்தவர் எந்த மனநிலையில் இருந்தாரோ.

"மாத்திரை கீதாம்மா?"

"குழாயைத் தளர்த்துறதுக்கு ஒண்ணு தரேன். ஆனா அது மருந்து இல்லைங்க. மிஷினை விடுறதுதான் மருந்து. இப்போ விட்டீங்கன்னா இதுக்கு மேல போகாம நிறுத்தலாம். விடலைன்னா விரல் நுனியில புண்ணு வரும், ஆறாது. அப்புறம் எடுக்க வேண்டியதா கூட ஆகலாம்."

மிஷினை விடுவதற்கு ஒரே ஒரு வழி இருந்தது. அதே கம்பெனியில் செக்கிங் மேஜை என்று ஒன்று உண்டு. தேய்த்து வந்த பம்ப் உடல்களில் விரிசல் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சாக்பீஸில் கோடு போடும் வேலை. மிஷின் கிடையாது, அதிர்வு கிடையாது. வேலையை விட்டுவிட்டு வெளியே போனால், நாற்பத்தொன்பது வயதில், செத்த விரல்களோடு வருகிறவரை அம்பத்தூரில் எந்தக் கம்பெனியும் கேட்டுக்குள் விடாது. ஆக செக்கிங் மேஜை, இல்லாவிட்டால் விரல் போகும்வரை கிரைண்டர். இந்த இரண்டுக்கும் நடுவில் செங்கல்வராயன் நின்றார்.

டாக்டர் மஹ்ஜபீன் கொடுத்த கடிதத்தோடு, மிஷினால் வந்த நோய், செக்கிங்குக்கு மாற்றுங்கள் என்று ஒரு மனுவும் எழுதி எடுத்துக்கொண்டு பணியாளர் பிரிவு அதிகாரி பார்த்தசாரதியிடம் போனார். பார்த்தசாரதி கெட்டவர் இல்லை என்று கம்பெனியில் எல்லாரும் சொல்வார்கள். யாரையும் ஒருமையில் பேச மாட்டார்; உட்காரச் சொல்லாமல் பேச மாட்டார்.

"உட்காருங்க செங்கல்வராயன். இது வெளி டாக்டர் லெட்டர், இதை வெச்சு நான் ஒண்ணும் பண்ண முடியாது. வருஷா வருஷம் நம்ம மெடிக்கல் செக்கப் வருது இல்ல, மார்கழியில? அதுல காட்டுங்க. அந்த டாக்டர் பார்த்துட்டு 'வேலையால வந்தது'ன்னு ஒரு வரி எழுதட்டும், மறுநாளே உங்களை செக்கிங்குக்கு மாத்திடறேன். என் வார்த்தை."

ஒரு வரி. செங்கல்வராயன் அந்த ஒரு வரிக்காக ஒன்றரை மாதம் காத்திருந்தார். செக்கப் மார்கழியில் வருவதை நினைத்துச் சந்தோஷப்பட்டார். சித்திரையில் வந்திருந்தால் விரல் வெளுக்காது, காட்டவும் முடியாது. குளிரை நேர்ந்துகொண்டு எதிர்பார்த்த மனிதர் சென்னையில் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

செக்கப் நாளன்று வேண்டுமென்றே கையுறை போடாமல், ஆவடி வரை மேற்கே போய்த் திரும்பிக் கம்பெனிக்கு வந்தார். வண்டியின் கைப்பிடியில் விரல்கள் வெளுத்துக் கிடந்தன. கன்னியம்மாள் டிபன் பாக்ஸில் ஐஸ் கட்டி போட்டுக் கொடுத்திருந்தார். செல்போனில் எடுத்த படங்களும் இருந்தன. வழக்கமாகப் போனை கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள், செக்கப்புக்காக என்று கெஞ்சி அன்று மட்டும் உள்ளே கொண்டுவந்திருந்தார். ஆனால் ஐஸ் விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை, சாதுல்லாவிடம்கூட. ஐஸில் கையை வைத்து ஏமாற்றுகிறான் என்று எவனாவது போய்ப் பற்ற வைத்துவிட்டால்? உலகநாதன் கடைப் பக்கம் அன்று தலைகாட்டவேயில்லை.

ஏழு மணிக்கு வர வேண்டிய டாக்டர் பத்தரைக்கு வந்தார். கேன்டீனில்தான் செக்கப். செங்கல்வராயனுக்கு நாற்பத்திரண்டாவது எண். அந்த மூன்றரை மணி நேரமும், அதற்குப் பிறகும் மூலையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் டிபன் பாக்ஸை வைத்து, அதன்மேல் துண்டைப் போட்டு, உள்ளே விரல்களை மாற்றி மாற்றி முக்கிக்கொண்டிருந்தார். ஐஸ் உருகித் தண்ணீரானது. வலி தோள்வரை ஏறியது. கண்ணில் நீர் வந்தது, துடைக்கவும் கை ஒழியவில்லை. நாற்பதாவது ஆள் உள்ளே போனபோது எட்டு விரலும் அவர் பார்த்ததிலேயே மோசமாக வெளுத்திருந்தன. அவருக்குத் திருப்தியாக இருந்தது. கையை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, எண்ணைக் கூப்பிடுவதற்காகக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் சாதுல்லா அந்தப் பக்கம் வந்தார். அண்ணாத்தேயின் கையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். ஓடினார். கேன்டீன் கொதிகலனிலிருந்து ஒரு கிளாஸ் டீயைப் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினார்.

"புட்ச்சிக்கோ அண்ணாத்தே, புட்ச்சிக்கோ."

செங்கல்வராயனின் கண் கதவில் இருந்தது. கை வாங்கிக்கொண்டது. வருஷக்கணக்காகக் காலைதோறும் வாங்கிய கை. இரண்டு உள்ளங்கையும் தானாகக் கிளாஸைச் சுற்றி மூடிக்கொண்டன. நாற்பத்தோராவது ஆள் உள்ளே போனார், நாலைந்து நிமிஷத்தில் வெளியே வந்தார். விரல் நுனியில் ஊசி குத்த ஆரம்பித்தபோதுதான் செங்கல்வராயன் குனிந்து பார்த்தார். அலறிக்கொண்டு கிளாஸை பெஞ்சில் வைத்தார். டீ கொட்டியது. அதே நேரம் உள்ளேயிருந்து "நாற்பத்திரண்டு" என்றார்கள்.

டாக்டர் பார்த்த கை, சிவந்த கை. அடைபட்டிருந்த ரத்தமெல்லாம் ஒன்றாகத் திரும்பி, விரல்கள் தடித்து, சூடாக, மருதாணி போட்டதுபோல் இருந்தன. டாக்டர் ஒரு நகத்தை அழுத்தி, விட்டுப் பார்த்தார். நிறம் உடனே திரும்பியது.

"ரத்த ஓட்டம் பிரமாதமா இருக்கே. என்ன கம்ப்ளெயின்ட்?"

"இப்பதான் சார் டீ கிளாஸ புட்ச்சேன், அதுனால... ஐஸ் தண்ணி குடுங்க சார், மூணு நிமிசம் வெச்சா வெளுத்துடும், நீங்களே பாருங்க."

"வெளிய இன்னும் அறுபது பேர் இருக்காங்க."

செங்கல்வராயன் போனை எடுத்துப் படத்தைக் காட்டினார். அதைத் திறப்பதற்கே வலித்தது. டாக்டர் ஒரு பார்வை பார்த்தார். "போட்டோல வெளிச்சம் பட்டா எல்லாம் வெள்ளையாத்தான் தெரியும். வைட்டமின் எழுதறேன்" என்றார். தாளில் 'கைகள் இயல்பு நிலை' என்று எழுதினார். ஆம், அதுவும் ஒரே ஒரு வரிதான்.

வெளியே சாதுல்லா நின்றுகொண்டிருந்தார். நடந்ததைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார், திரும்பத் திரும்ப. "எனுக்குத் தெரியாதே அண்ணாத்தே, எனுக்குத் தெரியாதே." செங்கல்வராயனுக்கு ஆத்திரம் பொங்கியது. அந்தக் கையைப் பிடித்து நிறுத்தப் போனவர், சாதுல்லாவின் சுண்டுவிரல் நுனியும் வெளுத்திருப்பதைப் பார்த்தார். சாதுல்லா, தான் பிடித்துக்கொள்ள வேண்டிய கிளாஸைத்தான் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். யார்மேல் கோபப்படுவது? கோபப்பட ஓர் ஆளைக்கூடக் கொடுக்காத அநியாயம் அது.

நாலு நாள் கழித்து பார்த்தசாரதி கூப்பிட்டு அனுப்பினார். அவருடைய அறை குளிர்சாதன அறை. போனை வழக்கம்போல கேட்டிலேயே வாங்கி வைத்திருந்தார்கள்.

"உட்காருங்க. ரிப்போர்ட் வந்துடுச்சு. நார்மல். எனக்கு சந்தோஷம்தான். ஆனா நீங்க மிஷினால நோய் வந்ததுன்னு எழுத்துல கொடுத்திருக்கீங்க. அது இப்போ பொய்ப் புகார் ஆகுது. மேல இருக்கிறவங்க விசாரணை வைக்கணும்கிறாங்க. விசாரணைன்னா அதுவரைக்கும் கேட்டுக்குள்ள விட மாட்டாங்க. நான்தான் பேசி நிறுத்தி வெச்சிருக்கேன்." ஒரு தாளை முன்னால் தள்ளினார். "கைகள் நல்லா இருக்கு, எந்தக் குறையும் இல்லை, புகாரை வாபஸ் வாங்கறேன்னு இருக்கு. கையெழுத்துப் போட்டுட்டா முடிஞ்சுது."

செங்கல்வராயன் தாளைப் படித்தார். இரண்டாம் தரம் படித்தார். குளிர் காற்று நேராக அவர்மேல் அடித்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. பயமா, கோபமா என்று அவருக்கே தெரியவில்லை. நரம்புக்கு இரண்டும் ஒன்றுதான். மேஜைமேல் இருந்த கையில் முதலில் நடுவிரல் நுனி வெளுத்தது. பிறகு ஆள்காட்டி விரல். பிறகு மோதிர விரல். ஐஸ் இல்லாமல், யாரும் கேட்காமல், பார்த்தசாரதியின் கண்ணுக்கு முன்னால், ஒவ்வொன்றாக எட்டும் வெளுத்தன.

"சார்" என்றார் செங்கல்வராயன். "சார், பாருங்க சார். இப்ப பாருங்க. இதான் சார். இத்தத்தான் சார் சொன்னேன்."

பார்த்தசாரதி பார்த்தார். நன்றாகவே பார்த்தார். நாற்காலியில் கொஞ்சம் பின்னால் சாய்ந்தார்.

"நான் டாக்டர் இல்லீங்க" என்றார் பிறகு. "ரிப்போர்ட்ல என்ன இருக்கோ அதான் எனக்குத் தெரியும்."

பேனாவை எடுத்து நீட்டினார். செங்கல்வராயன் வாங்கினார். வாங்கியது கண்ணுக்குத் தெரிந்தது, விரலுக்குத் தெரியவில்லை. பேனா நழுவி மேஜையில் விழுந்து, உருண்டு தரையில் விழுந்தது. குனிந்து எடுத்தார். மறுபடி நழுவியது. பார்த்தசாரதி மேஜை இழுப்பறையைத் திறந்து, மை தோய்ந்த ஸ்டாம்ப் பேடை எடுத்து, மூடியைத் திறந்து, தாளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பரவாயில்லை, ரேகை வையுங்க. அதுவும் செல்லும்."

கட்டைவிரல் வெளுக்கவில்லை. அது ஒருநாளும் வெளுப்பதில்லை. பத்தாம் வகுப்பு படித்த செங்கல்வராயன், தன் கைகளில் எந்தக் குறையும் இல்லை என்ற தாளில், பேனா பிடிக்க முடியாத காரணத்தால், கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். ரேகை சுத்தமாக விழுந்தது. பார்த்தசாரதி தாளை விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, ஊதி, கோப்பில் வைத்தார்.

"போய் வேலையைப் பாருங்க. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

செங்கல்வராயன் எழுந்து கதவருகே போனார். உருண்டைக் கைப்பிடி, திருகித் திறக்க வேண்டும். திருகினார். விரல்கள் அதன்மேல் வழுக்கின. இரண்டு கையாலும் திருகினார். வழுக்கின. உள்ளங்கையை வைத்து அழுத்தினார். பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பார்த்தசாரதி எழுந்து வந்து, அவருடைய தோளுக்குப் பக்கமாகக் கையை நீட்டி, கைப்பிடியைத் திருகி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"தேங்க்ஸ் சார்" என்று செங்கல்வராயனின் வாய் சொல்லிவிட்டது.

கன்னியம்மாளிடம் அவர் எல்லாவற்றையும் சொன்னார். ரேகை வைத்ததைக்கூடச் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை மட்டும் இன்றுவரை சொல்லவில்லை.